திமிங்கலத்தின் வாயில் ஒரு கிளார்க்

தலை உள்ளே போகும்போது சுலபமாகத்தான் போனது. வெளியே எடுக்கும்போதுதான் காது இரண்டும் மாட்டிக்கொண்டன.

கடற்கரையில் ஆளுயரத்துக்கு ஒரு பலகை. அதில் வரைந்திருந்த திமிங்கலத்தின் வாயில் ஒரு ஓட்டை. அதன் முதுகில் உட்கார்ந்திருந்த மாலுமிக்கு முகம் இருக்கவேண்டிய இடத்தில் இன்னொரு ஓட்டை. பின்னால் நின்று தலையை நுழைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு போட்டோ என்றாள் மனைவி. அதற்குத்தான் இந்தப் பாடு.

கிளார்க்குக்குப் பகீரென்றது. எழுந்திருக்கக்கூட முடியாத காய்ச்சல் என்று காலையில்தான் மேனேஜருக்கு ஈனஸ்வரத்தில் போன் செய்து லீவு சொல்லியிருந்தான். இன்னொரு பொய் லீவு போட்டால் வேலை காலி என்று அந்த மனுஷன் எழுத்திலேயே கொடுத்திருந்தார்.

மனைவி வெயிலுக்குப் பூசும் கிரீமை வழித்துக் காதோரம் தடவினாள். காது நகரவில்லை, கண்தான் எரிந்தது. கடற்கரைக் காவலர் ஓடிவந்து இடுப்பைப் பிடித்து இழுத்தார். காது வீங்கி இன்னும் இறுகியது. அவர் உதவிக்கு விசில் ஊத, கடற்கரையே திரண்டு வந்து போனைத் தூக்கிப் பிடித்தது.

வீடியோ மேனேஜர் கண்ணில் பட்டால் தீர்ந்தது கதை. "முதல்ல என் மூஞ்சிய மறை" என்று கெஞ்சினான். அவள் தன் கறுப்புக் கண்ணாடியை அவனுக்கு மாட்டி, கண் மையால் முறுக்கு மீசையும் வரைந்துவிட்டாள். வினையே அதில்தான் வந்தது. வேடிக்கை காட்ட ஆள் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, அவனோடு படம் எடுக்க மாலுமி ஓட்டைக்குப் பின்னால் வரிசை கட்டிவிட்டார்கள்.

ஏழாவதாக வந்தவரின் தலையும் மாட்டிக்கொண்டது.

துணைக்கு ஒருத்தர் கிடைத்ததில் கிளார்க்குக்குப் பாதி உயிர் திரும்பியது. நிமிர்ந்து பார்க்க முடியாவிட்டால் என்ன, வாய் சும்மாதானே இருக்கிறது? காய்ச்சல் கதையை ஒன்று விடாமல் கொட்டினான். "எங்க மேனேஜர் சரியான சிடுமூஞ்சி சார். சிரிச்சா பல்லு கொட்டிடும்னு நினைப்பு அந்தாளுக்கு."

மேலேயிருந்து ஒரு கனைப்பு மட்டும் வந்தது. பாவம், வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

ஒருவழியாக ரம்பத்தோடு தச்சர் வந்தார். முதலில் மேல் ஓட்டையை அளந்தார். அங்கே ஏதோ குசுகுசுவென்று பேச்சு நடந்தது. பிறகு குனிந்து கிளார்க்கின் காதோரம் வந்தார்.

"தம்பி, மேல இருக்கறவர் சொல்லச் சொன்னார். உங்களுக்குக் காய்ச்சல்னு அவர் நம்பிடறாராம். அவர் இன்னிக்குத் தலைமை ஆபீஸ் மீட்டிங்ல இருக்கார்னு நீங்க நம்பிடணுமாம்."