முதலையின் கிளப்பில் சேர்ந்த எருமை

ஒரு காட்டில், டவர் நன்றாகக் கிடைக்கும் பக்கமாக, கனகாம்பாள் என்றோர் எருமை இருந்தாள். கரடியின் டீக்கடைக்குப் பால் ஊற்றிப் பிழைத்தாள். கோடைக்கு வைக்கோல் வாங்க வேண்டுமே என்று வங்கியில் முப்பதாயிரம் சேர்த்து வைத்திருந்தாள். குளத்தில் ஊறிக் கிடப்பது ஒன்றுதான் அவளுக்கிருந்த சுகம்.

அந்தக் குளத்தை ஒருநாள் முதலை முத்தரசு வளைத்துப் போட்டு, நீச்சல் கிளப் என்று போர்டு மாட்டினான்.

“மாசம் முந்நூறு ரூபாய்தாம்மா. நீங்க ஞாபகம் வெச்சுக் கட்டக்கூட வேண்டாம். இங்க ஒரு குளம்புரேகை வைங்க, உங்க கணக்குலேருந்து நாங்களே எடுத்துக்குவோம்.”

“கூட எடுத்துட்டா?”

“எங்கமேல நம்பிக்கை இல்லையா?” என்று முதலை வாய் முழுக்கச் சிரித்தான். அத்தனை பல்லையும் பார்த்த பிறகு இல்லையென்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. வைத்துவிட்டாள்.

பங்குனியில் முந்நூறுக்குப் பதில் முப்பதாயிரமும் போய்விட்டது. கனகாம்பாள் வங்கிக்கு ஓடினாள். மேலாளர் கொக்கு ஒற்றைக் காலில் நின்றபடி கம்ப்யூட்டரைப் பார்த்தது.

“நீங்கதானேம்மா அனுமதி கொடுத்திருக்கீங்க. எவ்வளவுன்னு எழுதற இடத்தைக் காலியா விட்டிருக்கீங்க.”

“அந்த அனுமதியை ரத்து பண்ண முடியுமா?”

“இப்பவே பண்ணலாம். யாரும் கேட்கிறதில்லை, அதனால நாங்களும் சொல்றதில்லை.”

ரத்து செய்துவிட்டு கிளப்புக்குப் போனாள். “ரெண்டு சைபர் கூட விழுந்துடுச்சு. திருப்பி அனுப்பச் சொல்றேன்” என்றான் முதலை. அந்தக் கோடை முழுக்க அவள் சருகு தின்றாள். பால் தண்ணீராக இறங்கியது. கரடி ஒன்றும் கேட்கவில்லை. தான் வழக்கமாக ஊற்றும் தண்ணீர் அதற்கு மிச்சம்.

ஆடியில் அவள் போன் சிணுங்கியது. கிளப்பிலிருந்து மூன்று லட்சம் வந்திருந்தது. இந்த முறையும் சைபர்தான்.

கனகாம்பாள் சைபர்களை எண்ணிப் பார்த்தாள். பெரும்பங்கு பிறத்தியார் காசாயிற்றே. என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் மூச்சிரைக்க முதலையே வந்து நின்றான்.

“தப்பா வந்துடுச்சும்மா. நீங்க சிரமப்பட வேண்டாம். இன்னொரு தடவை குளம்புரேகை வைங்க, நாங்களே எடுத்துக்கறோம்.”

அவள் வெகுநேரம் அசைபோட்டாள்.

“சிரமமெல்லாம் ஒண்ணுமில்லைப்பா. நானே வங்கிக்குப் போய் அனுப்பறேன்.”

அன்றே கொக்கின் முன் நின்று, தனக்கு வரவேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பினாள். ரசீதும் வாங்கினாள். வரும் வழியில் வைக்கோல் வண்டியை நிறுத்தி விலை பேசினாள். மனசு லேசாக இருந்தது.

மறுநாள் காடெங்கும் போஸ்டர். நடுவில் கனகாம்பாளின் படம். கீழே, ‘எங்கள் கிளப்பில் தவறிப்போன பணம் பத்திரமாகத் திரும்பி வரும். இவரே சாட்சி’ என்று போட்டிருந்தது.

குளக்கரையில் மானும் முயலும் பன்றியும் வரிசை கட்டி நின்றன. கனகாம்பாள் வரிசை நெடுக ஓடினாள். “தொகையை எழுதிட்டு ரேகை வைங்கப்பா. காலியா விடாதீங்க.”

“போஸ்டர்ல சிரிச்சுக்கிட்டு நிக்கிறது நீங்கதானே அக்கா?” என்றது முயல், பாதத்தை மையில் அழுத்தியபடியே.

கனகாம்பாள் அன்றிலிருந்து வாய்க்காலில் ஊறினாள்.

நீதி: நாம் நேர்மையாக நடந்துகொண்டால் அடுத்தவர் தொழில் செழிக்கும்.