அமைச்சர் திறக்க வேண்டிய பெட்டி

“பெட்டியை உடைங்க சார். வார்டுல பாதிப் பேருக்கு மூச்சு விட முடியல,” என்றார் தலைமை நர்ஸ்.

“உடைக்கிறதா? அமைச்சர் திறக்க வேண்டிய பெட்டிம்மா!” மருத்துவமனைக் கிடங்கு அதிகாரி நாற்காலியை இழுத்து மருந்துப் பெட்டிகளுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார். “இலவச மருந்துத் திட்டம். தொடக்க விழா முடியாம ஒரு இன்ஹேலர்கூட வெளிய போகாது.”

“அதுக்குள்ள ஆளே போயிட்டா?”

“அது அவங்கவங்க தலையெழுத்து. நீங்க ஒரு உபகாரம் பண்ணுங்க. பெட்டிங்களை வார்டுக்கு எடுத்துட்டுப் போய், எல்லாத்துலயும் அமைச்சர் படத்தை ஒட்டிக் கொண்டாங்க.”

நர்ஸ் அவரை ஒரு பார்வை பார்த்தார். “சரி சார்.”

மாலைக்குள் பெட்டிகள் சிரித்த முகத்தோடு திரும்பின. அதிகாரி கிடங்கைப் பூட்டினார்.

அமைச்சர் வெளிநாடு போனார்; விழா தள்ளிப்போனது. அதிகாரி இன்னொரு பூட்டுப் போட்டார். மறுபடி தள்ளிப்போனது, காவலுக்கு ஆள் போட்டார். ஒருவழியாகத் தேதி கிடைத்தபோது வார்டில் புதுச் சிக்கல். நோயாளிகள் எழுந்து உலாவிக்கொண்டிருந்தார்கள்.

“என்னம்மா அநியாயம்! போட்டோவுக்கு ஒரு இளைப்புக்காரன்கூட இல்லையா?”

“எல்லாருக்கும் தேவலை சார்.”

“மருந்தே குடுக்காமயா?” அதிகாரியின் முகம் மலர்ந்தது. “அப்ப மருந்து பக்கத்து ரூம்ல இருந்தாலே போதும்போல! அடுத்த வருஷம் பாதி வாங்கினாப் போதும்னு மேலிடத்துக்கு எழுதிடறேன்.”

எழுதியும்விட்டார். நர்ஸுக்குத்தான் மூச்சு முட்டியது.

விழாவுக்கு நோயாளி வேண்டுமே? மச்சினனைக் கூப்பிட்டார். “உங்க பதவி உயர்வுக்கு நான் படுக்கணுமா மாமா?” என்று அவன் போனை வைத்துவிட்டான். கடைசியில் அதிகாரியே வார்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு, கட்டிலில் படுத்து, ஆளில்லாதபோது இளைத்துப் பழகினார்.

அமைச்சர் வந்தார். கேமராக்களுக்கு முன்னால் பெட்டியைத் திறக்கத் தன் படத்தைத் தானே கிழித்தார். படத்துக்கு அடியில் பெட்டி முன்பே அறுபட்டிருந்தது. உள்ளே பழைய செய்தித்தாள். அடுத்த பெட்டியிலும் அதே.

“யாருய்யா மருந்தைத் திருடினது?”

கட்டிலில் கிடந்த அதிகாரிக்கு இப்போது நிஜமாகவே இளைத்தது. “இ... இன்ஹேலர்...” என்று கையை நீட்டினார்.

கைதட்டுவதற்காகச் சுவரோரம் நிறுத்தியிருந்த, குணமான நோயாளிகளில் ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார்.

“திருட்டு இல்லைங்க ஐயா, உங்க படத்தை ஒட்டுன அன்னைக்கே நாங்க எடுத்துக்கிட்டோம், இல்லாட்டி இன்னைக்கு உங்களுக்குக் கைதட்ட ஆளு ஏது?”