மீனைப் பிரட்ட விடாத மாஸ்டர்

வன்னி வெய்யிலில, உச்சி மத்தியானம், ஆவி பறக்கச் சுடுதண்ணி குடிச்ச மனுசன் இந்த உலகத்திலயே ஒருத்தர்தான். முல்லைத்தீவுப் பக்கம் றோட்டுப் போட வந்த சீனாக்காரரின்ர காம்பில அவர் சமையல்காரர். சொந்தப் பேர் எங்கட வாயில நுழையாது. 'சுடுதண்ணி மாஸ்டர்' எண்டால் காம்பு நாய்க்கும் தெரியும்.

நான் அங்க ஸ்டோர் கிளாக். தலையிடி எண்டாலும் சுடுதண்ணி தருவார், காலில ஆணி ஏறினாலும் சுடுதண்ணிதான். கோப்பை கழுவ வந்த அக்காவிட்டத் தமிழ் பழகினவர். அதால பெரிய இஞ்சினியரையும் "பிள்ளை, சாப்பிட்டியே?" எண்டுதான் கேப்பார். அவையின்ர ஊரிலயும் ஆளைக் கண்டால் முதல் கேள்வி அதுதானாம்.

ஒருநாள் என்ர அண்ணா விடியமுன்னம் மீன்பிடிக்கக் கடலுக்குப் போனவர். பத்து மணிக்குக் காத்து எழும்பிச்சுது. மத்தியானமாகியும் வள்ளம் வரேல்லை. காம்பில மாஸ்டர் இஞ்சி போட்டு அவிச்ச முழு மீனை எனக்கு முன்னால வைச்சார். யோசினையோட ஒரு பக்கத்தைத் திண்டுபோட்டு, மற்றப் பக்கம் பிரட்டினன்.

"ஐயோ பிள்ளை! மீன் பிரண்டால் வள்ளம் பிரளும்!"

அவரும் கடற்கரை ஊர் ஆள். அங்க முள்ளைத் தூக்கிப்போட்டுத்தான் கீழ்ப்பக்கம் தின்னுவினமாம். 'பிரட்டு' எண்ட சொல்லே வாயில வராதாம்.

"விசர்க் கதை கதையாதேங்கோ மாஸ்டர்! என்ர அண்ணா கடலில நிக்கிறார்!"

மனுசன்ர முகம் செத்துப்போச்சு. அடுப்பை நிப்பாட்டிப்போட்டு, சுடுதண்ணிப் போத்தலோட என்ர மோட்டச்சைக்கிளில பின்னால ஏறினார்.

அண்ணா வீட்டில, அவரைத் தேடப் போன ஆக்களுக்கு அண்ணி ரொட்டி சுட்டுக்கொண்டு நிண்டவா. கழுத்தில செபமாலை. ரொட்டியைப் பிரட்டப் போக, மாஸ்டர் குறுக்க பாய்ஞ்சார்.

"பிரட்டாத பிள்ளை!"

"அப்ப எப்பிடிச் சுடுறது?"

"ஒரு பக்கம் காணும்."

"கீழ கருகுது, மேல பச்சை மா!"

"பச்சை மா பரவாயில்லை. வள்ளம்தான் முக்கியம்."

அண்ணி அவரை ஒருக்காப் பாத்தா. தட்டகப்பையைக் கீழ வைச்சா. அழுதழுது மிச்ச ரொட்டி எல்லாத்தையும் ஒரு பக்கமாகவே சுட்டா. விசர்க் கதை எண்ட நான்தான் வாசலுக்கும் கடற்கரைக்குமாய் ஓடித்திரிஞ்சன். மீனைப் பிரட்டினது நான்தானே!

நாலு மணிபோல, தேடப் போன ஆக்கள் அண்ணாவின்ர வள்ளத்தைக் கட்டிக் கரைக்கு இழுத்துக்கொண்டு வந்தினம். இஞ்சின் நிண்டுபோச்சாம். அண்ணா மண்ணில கால் வைக்க முதல் மாஸ்டர் போத்தலை நீட்டினார்.

"பிள்ளை, சாப்பிட்டியே?"

அண்ணி கொண்டுவந்த ரொட்டியை அண்ணா கடிச்சார். "ஆரப்பா சுட்டது? ஒரு பக்கம் கரி, மற்றப் பக்கம் களி!"

"வாயை மூடிக்கொண்டு தின்னுங்கோ" எண்டா அண்ணி.

றோட்டு முடிய மாஸ்டர் தன்ர நாட்டுக்குப் போயிட்டார். அண்ணி இப்ப ரொட்டியைப் பிரட்டுறதில்லை. "மற்றப் பக்கத்தையும் பாப்பம்" எண்டு சொல்லித்தான் திருப்பிப் போடுறவா. அண்ணா கடலுக்குப் போற நாளில நானும் மத்தியானம் சுடுதண்ணிதான் குடிக்கிறன். நாக்கு வேகுது. எண்டாலும், மனுசன் பக்கத்தில நிக்கிற மாதிரிக் கிடக்கு.