சாம்பியனின் இறக்கப் பயிற்சி

கண்டியில் பிறந்த, வளர்ந்த, வந்து போன சோம்பேறிகள் அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தினால் முதல் ஆளாக நிற்க வேண்டியவர் சாம்பியன். ஆனால் நிற்கமாட்டார், உட்காரக் கதிரை கேட்பார். கட்டுக்கலையில் ஒரு போர்டிங் அறையில் அவரும் நானும் நாலு வருஷம் குடியிருந்தோம். அவருக்குக் கிளாக்கர் உத்தியோகம். சாம்பியன் என்ற பட்டம் நான் சூட்டியது.

நாலாவது வருஷம் தை மாதம் நாவலப்பிட்டிக்குப் பெண் பார்க்கப் போனார். ஜவுளிக்கடைக்காரர் வீடு, மேட்டில் அறுபது படி. ஏறி முடித்தவருக்கு மூச்சிரைப்பில் தன் பெயரைச் சொல்லவே ஐந்து நிமிஷம் பிடித்தது. "தொய்வுக்காரனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்" என்று பெண்ணின் அப்பா தரகரிடம் சொல்லியனுப்பிவிட்டார்.

"எல்லாரும் சிரிச்சாங்க தம்பி. அந்தப் புள்ள மட்டும் விசிறிய எடுத்துட்டு வந்து விசிறுச்சு. கட்டினா அதத்தான் கட்டுவேன்" என்றார் என்னிடம். முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு வேலைக்கான களை தெரிந்தது. அதே வேகத்தில், சித்திரைக்கு முன் கண்டியிலிருந்து நாவலப்பிட்டிக்குச் சைக்கிளிலேயே வந்து காட்டுகிறேன் என்று பெண்ணின் அப்பாவுக்குக் கடிதம் போட்டுவிட்டார். 'வரட்டும், பார்க்கலாம்' என்று பதில் வந்தது.

மாசி பிறந்து பனி விலகி வெயில் ஏறியதும் பயிற்சி தொடங்கியது. ஞாயிறு காலை பஸ் கூரையில் சைக்கிளைக் கட்டி, தானும் ஏறி, மலைமேல் இருக்கும் தெல்தோட்டைக்குப் போவார். அங்கிருந்து பெடலைத் தொடாமல் இறங்கி வருவார்.

"மாத்தயா, சைக்கிள் ஓட்டுறது நீங்களா, எங்க டிரைவரா?" என்று கண்டக்டர் கேட்டார்.

நானும் அதையே கேட்டேன். அதற்கு அவர், "ஏத்தத்துல மனுஷன் சைக்கிளுக்கு ஒழைக்கிறான். எறக்கத்துல சைக்கிள் மனுஷனுக்கு ஒழைக்குது. புத்தியுள்ளவன் எதத் தம்பி செய்வான்?" என்றார். இறங்கி வந்த களைப்புக்கு எட்டு பராட்டா. இரண்டு மாதத்தில் பிரேக் கட்டை தேய்ந்தது, கால்சட்டை இறுகியது.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் புறப்பட்டார். தெருவே கூடி வழியனுப்பியது. மாற்றுச் சட்டைப் பையோடு நான் மத்தியான ரயிலில் போவதாக ஏற்பாடு. ரயில் பேராதனையில் நின்றபோது பிளாட்பாரத்தில் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறார் சாம்பியன்! அதுவரை ஒரு மேடுகூடக் கிடையாது.

"கால் ஒத்துக்கல தம்பி. நாவலப்பிட்டிக்கு முன்னாடி உலப்பனையில எறங்கி மிச்சத்த மிதிச்சுக்கலாம்" என்றார். வெட்கங்கெட்ட மனுஷன். சைக்கிளைச் சாமான் ஏற்றும் கார்ட் பெட்டியில் ஏற்றினோம்.

கம்பளையில் எங்கள் பெட்டிக்குள் ஒரு டீச்சர் ஏறினார். சாம்பியன் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. அந்தப் பெண்ணேதான். பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போகிறாள்.

"சைக்கிள் எங்க?" என்றாள்.

"கார்ட் பெட்டியில."

"களைச்சிருச்சா?"

"யாரு?"

"சைக்கிள்."

நான் சிரிப்பை அடக்கச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் எழுந்து நின்றார். "அப்பாகிட்ட உள்ளதச் சொல்லிருங்க. ரெண்டு மாசமா எறக்கத்துல மட்டும்தான் ஓட்டுனேன். என்னால முடியல." நாலு வருஷத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் உண்மை அது.

அவள் அவர் எழுந்த இடத்தையே கைகாட்டினாள். "உலப்பனையில எறங்காதீங்க. வெயில்ல விழுந்து கெடப்பீங்க. உட்காருங்க."

நாவலப்பிட்டியில் இறங்கியதும் தன் போத்தல் தண்ணீரை முழுவதும் அவர் தலையில் கவிழ்த்தாள். "கடை வரைக்குமாவது மிதிங்க. நான் பின்னால வாறேன்."

கடை வாசலில் நின்ற அப்பா, சொட்டச் சொட்ட வந்து இறங்கியவரைக் கண்டு அசந்துபோனார். "கண்டியில இருந்து மிதிச்சு வந்திருக்காரு, மூச்சுகூட வாங்கலியே! இவருக்கா தொய்வுன்னு சொன்னேன்?"

வைகாசியில் கல்யாணம். ஊரை ஏய்க்கிறதற்கும் ஒரு யோகம் வேண்டும்.

பிறகு சாம்பியன் நாவலப்பிட்டிக்கே மாற்றம் வாங்கிக்கொண்டார். அவருடைய பெட்டியைக் கண்டி ஸ்டேஷன் வரை சுமந்தது, கேட்கவேண்டுமா, நான்தான். ரயில் நகரும்போது "ஒழிஞ்சது தொல்லை" என்று அவருக்குக் கேட்கும்படியாகவே கத்தினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டதை மட்டும் அவர் பார்த்திருக்கமாட்டார்.