நீர்நாய்க் குட்டிக்கு ஓர் ஆய்வுரை

"ஓகஸ்ட் விடுமுறை, சனி மாலை. கரவெட்டி, சபை மண்டபம். சிறுவர் படம். ஆய்வுரை: நான். பார்வையாளர்: தொடக்கத்தில் மண்டபம் நிறைய, முடிவில் மூவர்." என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. மழை தூறினாலே அரைப் பக்கம் எழுதுகிறவன் நான். அன்று பேனை ஓடவில்லை.

அசைவூட்டப் படங்கள் பற்றி (எங்கள் வீட்டில் எல்லாமே 'காட்டூன்'தான்) எனக்கு அபிப்பிராயங்கள் அதிகம். குடும்பத்தோடு பார்க்கவென்று எடுக்கும் படத்தில், தொடங்கிய கையோடு குடும்பத்தைப் பிரித்துவிடுகிறார்களே, ஏன்? பனிப்பிரதேசக் கரடி எதற்காகச் சென்னைத் தமிழ் பேசுகிறது? சிரிப்புக்கென்று வரும் அந்த வாயாடிப் பறவையை ஒருவரும் அடக்குவதில்லையா? இதையெல்லாம் கேட்க ஆளில்லாமல் நான் தவித்த காலத்தில்தான் அக்கா கூப்பிட்டாள்.

அக்கா ஞாயிறு பாடசாலை ஆசிரியை. பிள்ளைகளின் வரவு குறைந்துகொண்டே போனதால், மாதம் ஒரு படம் போடலாமென்று போதகர் ஐயாவிடம் மன்றாடியிருந்தாள். "ஒருக்கால் போட்டுப் பாப்பம். பிள்ளையள் இருந்து பாத்தால் தொடருவம்" என்று அவர் அரைமனதோடு சம்மதித்திருந்தார்.

"தம்பி, தொடங்க முதல் நாலு வசனம் கதைச்சாக் காணும். பிள்ளையள் படம் பாக்க வருகினம், உன்னைப் பாக்க இல்லை" என்றாள் அக்கா.

என்ன செய்வது, நூல் வெளியீடுகளில் ஆய்வுரை நிகழ்த்திப் பழகிய வாய். அங்கே முதல் அத்தியாயத்திலிருந்து கடைசி வரி வரை சொல்லிவிடுவதுதான் முறை. வந்தவர்கள் ஒரு பிரதி வாங்கி அலுமாரியில் வைப்பார்கள். வாசிக்கப்போவதில்லை என்பது நூலாசிரியருக்கும் தெரியும். படத்துக்கும் அதையே செய்தேன். வெள்ளத்தில் தாயைப் பிரிந்த நீர்நாய்க் குட்டி, அதற்கு வழிகாட்ட வந்த நரி (நரிதான் துரோகி என்பதை அழுத்திச் சொன்னேன்), பாலத்தடிச் சண்டை என்று ஒன்றையும் விடவில்லை.

முன் வாங்கில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி எழுந்தாள். "அங்கிள், கடைசியிலை குட்டி வீட்டை போகுமோ?"

"ஓம் பிள்ளை. தாயும் உயிரோடைதான் இருக்கிறா" என்றேன், ஓர் ஆய்வாளருக்குரிய நிதானத்தோடு.

"அப்ப நாங்களும் வீட்டை போவம்."

தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் நடந்தாள். வாங்கு வாங்காக மற்றவர்களும் எழுந்தார்கள். வாசலில் ஒரு தாய், "அதுக்குள்ளை படம் முடிஞ்சுதோ?" என்று கேட்பதும், "ஓம், அங்கிள் சொல்லி முடிச்சிட்டார்" என்ற பதிலும் என் காதில் விழுந்தன.

அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. குரல் மட்டும் கேட்டது. "நன்றியுரையையும் நீயே சொல்லு. வெறும் வாங்குகளுக்குச் சொல்லு."

படக்கருவியை அவள் அணைக்கப் போனபோது போதகர் ஐயா தடுத்தார். "வந்தது வந்திட்டம். போடுங்கோ பிள்ளை." வெறும் மண்டபத்தில் மூவரும் கடைசிவரை பார்த்தோம். விளக்குப் போட்டதும் ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டார். "மாதா மாதம் போடுங்கோ. முதல் ஜெபம், பிறகு படம். நடுவிலை ஒண்டும் வேண்டாம்." சொன்னது அக்காவுக்கு, பார்த்தது என்னை.

இப்போது மாதந்தோறும் மண்டபம் நிறைகிறது. அக்கா வீட்டில் நான் எதைப்பற்றி வாய் திறந்தாலும் அவளுடைய பிள்ளைகள், தங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு, "அப்ப நாங்களும் வீட்டை போவம்" என்று எழும்புகிறார்கள்.

ஒரு விடயம் மட்டும் பாக்கி. கடைசிக் காட்சியில் ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அழுதார் என்கிறாள் அக்கா. அவரிடம் கேட்டால் வெயிலைப் பற்றிப் பேசுகிறார். முழுக் கதையையும் என் வாயால் கேட்டுவிட்ட ஒருவர் பிறகும் அழுதிருப்பாரா? இதுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.