முப்பத்தைந்தாவது வினாடி

"ஏங்க, குரல் ஏன் இப்படி நடுங்குது?" என்றாள் மனைவி தொலைபேசியில்.

"குரல் மட்டுமா? கையும்தான். அடுத்தது நான்தான். உள்ளே இருநூறு பேர். அத்தனை பேரும் கெமிஸ்ட்ரி வாத்தியாருங்க. ஒரு தப்புப் பண்ணினா போதும், உரிச்சுத் தொங்க விட்டுடுவாங்க."

முப்பத்திரண்டு வருஷமாக ஒன்பதாம் வகுப்பை அதட்டி மேய்த்தவர் பேசுகிற பேச்சா இது? பிள்ளைகள் அவருக்கு 'ஆசிட்' என்று பெயர் வைத்திருந்தார்கள், சும்மா வைக்கவில்லை. ஆனால் பெரியவர்கள் முன்னால் மேடை ஏறினால் மட்டும் ஆசிட் வெறும் தண்ணீராகிவிடும்.

மாநாட்டுக்கு அவர் கட்டுரை கிட்டுரை எதுவும் அனுப்பவில்லை. 'உங்கள் நிறமாற்றப் பாடத்தை அவசியம் செய்து காட்டவும்' என்று அழைப்பு தானாக வந்தது. நன்றாக அமைந்தால் ஆசிரியர் கையேட்டில் சேர்ப்பார்களாம். இன்னும் மூன்று மாதத்தில் ஓய்வு. போவதற்குள் தன் பாடம் ஒன்றாவது அச்சில் வந்துவிட வேண்டும் என்று மனுஷனுக்கு அப்படி ஒரு ஆசை.

"பெரியவங்கன்னு ஏன் நினைக்கிறீங்க? ஒன்பதாங் கிளாஸ்னு நினைச்சுக்கங்க. தன்னால சரியாயிடும்."

நல்ல யோசனைதான். சொன்னவள் அவர் வகுப்பெடுத்து ஒரு நாளும் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

மேடையில் கணினி அவர் கொண்டுபோன பென் டிரைவைத் திறக்க மாட்டேன் என்றது. சரி போ என்று சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பினார். முதுகுக்குப் பின்னால் முணுமுணுப்பு. ஒன்பதாங் கிளாஸ், ஒன்பதாங் கிளாஸ்...

"அங்கே என்ன சத்தம்?"

திரும்பாமலே போட்ட அதட்டலில் அரங்கமே கப்சிப். அடடா! நடுக்கம் போன இடம் தெரியவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். விட்டாரா? முதல் வரிசையில் கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்த அம்மாளிடம் போய்க் கையை நீட்டினார்.

"கொடுங்க. சாயங்காலம் வந்து வாங்கிக்கங்க."

பேத்தி எடுத்த பேராசிரியை, மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார். கொடுத்த கைப்பேசி இவர் சட்டைப்பையில் கிடந்து பாட ஆரம்பித்தது. எதை அமுக்கினால் நிற்கும் என்று தெரியாமல் பாட்டோடு பாட்டாகவே பாடத்தைத் தொடர்ந்தார்.

நிறமில்லாத இரண்டு கரைசல்களை ஒரே குடுவையில் ஊற்றினார். "இப்ப எல்லாரும் மனசுக்குள்ள எண்ணுங்க. சரியா முப்பத்தஞ்சு. அதுவரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

இருபது எண்ணியிருப்பார்கள். கடைசி வரிசையிலிருந்து 'களுக்' என்று ஒரு சிரிப்பு.

"நீங்கதான்! கட்டம் போட்ட சட்டை! எழுந்திருங்க. என்ன சிரிப்பு? சொன்னா நாங்களும் சிரிப்போம்ல?"

"ஒண்ணுமில்ல சார்."

"ஒண்ணுமில்லாததுக்கு இளிப்பாங்களா? வெளியே போய் நில்லுங்க."

அந்த மனிதர் நல்ல பிள்ளையாக வெளியே போனார். கதவு சாத்திய கையோடு, தண்ணீராய் இருந்த கரைசல் கண்ணிமைக்கிற நேரத்தில் மைப்புட்டியைக் கவிழ்த்த மாதிரி கருநீலமானது. ஒருவரும் கை தட்டவில்லை. இருநூறு பேரும் கதவையே வெறித்துக்கொண்டிருந்தார்கள். என்ன ஒழுக்கம், என்ன ஒழுக்கம் என்று ஆசிட்டுக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அமைப்பாளர் ஒரு துண்டுச் சீட்டை மேசைமேல் நகர்த்தினார்.

"கிளாஸ் நடக்கும்போது சீட்டு அனுப்பறதா? இருங்க, எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிக்கிறேன்." ஒலிபெருக்கியை வாயருகே இழுத்துக்கொண்டார். "'ஐயா, நீங்க வெளியே அனுப்பினது நம்ம கல்வித்துறை இயக்குநர். கையேட்டுல எது வரணும்னு முடிவு பண்றவரே அவர்...'"

கடைசி வார்த்தை காற்றாகத்தான் வந்தது.

ஆசிட் தாழ்வாரத்துக்கு ஓடினார். இயக்குநர் சுவரோரமாகக் கை கட்டி நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, மன்னிச்சிடுங்க! பழக்க தோஷம். உள்ளே வாங்க. கையேட்டுல சேர்க்காட்டியும் பரவாயில்ல, நீங்க இப்படி நிக்கறதை என்னால பார்க்க முடியல!"

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. சட்டைப்பை வேறு மறுபடியும் பாடியது.

"உங்க பாடம் கையேட்டுல வரும் சார், அது என் பொறுப்பு. இன்னொரு தடவை கலக்க மருந்து மிச்சம் இருக்கா?"

"இருக்கு. எதுக்குங்க ஐயா?"

"நான் வரலாறு படிச்சவன். ஏன் கெமிஸ்ட்ரி பக்கமே போகலன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்காது." இயக்குநர் கட்டிய கையை இன்னும் அவிழ்க்கவில்லை. "ஒன்பதாங் கிளாஸ்லயும் சரியா முப்பதாவது செகண்டுலதான் சார் என்னை வெளியே அனுப்பினீங்க, அது கடைசியில என்ன கலரா மாறுதுன்னு பார்க்கத்தான் உங்களை இந்த மாநாட்டுக்கே கூப்பிட்டேன்!"