பக்கத்து வயலில் நட்டுவிட்ட பிள்ளையைப் பற்றி மச்சானுக்கு

வலங்கைமான் வட்டம்,
ஐப்பசி, மழை விட்டிருந்த ஒரு காலை.

மதிப்புக்குரிய மச்சான் வசந்தகுமார் அவர்களுக்கு,

தங்கள் தங்கை அம்சத்தைக் கைப்பிடித்த தியாகேசன் பணிவுடன் எழுதுவது. இங்கே நான், அம்சம், கறவை மாடு மூவரும் சுகம். மகள் குந்தவையும் சுகம். அவள் கொஞ்சம் அளவுக்கு மீறிச் சுகமாக இருப்பதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். அம்பத்தூரில் அக்காவும் தாங்களும் தங்கள் முழங்காலும் நல்லபடியாக இருக்கக் குலதெய்வம் துணை நிற்கட்டும்.

போன் இருக்கும் காலத்தில் இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். என் போனுக்குப் பாஸ்வேர்டு போட்டவளே குந்தவைதான். அம்சத்தின் போனில் பேசலாம் என்றால், உங்கள் தங்கை ஸ்பீக்கரில் போடாமல் பேச மாட்டாள். தெருக்கோடி வரை கேட்கும். ஆகவே போஸ்ட் ஆபீசில் கவர் வாங்கிவந்து மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து எங்காவது கோணலாக ஓடினால் மாடு முட்டியது என்று கொள்ளவும்.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் கம்பெனி அலுவலகத்தில் குந்தவைக்குக் கம்ப்யூட்டர் வேலை சொல்லி வைத்திருப்பதாகவும், தீபாவளி கழிந்ததும் வந்து சேரலாம் என்றும் தாங்கள் சொன்ன நாளிலிருந்து நான் நிம்மதியாகத் தூங்கினேன். ஏசி அறை, சுழல் நாற்காலி, மதியம் கேண்டீன் சாப்பாடு. எங்கள் பரம்பரையில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்தவர் ஒருவரும் கிடையாது. பி.காம். முடித்த பிள்ளையிடம் இதைச் சொன்னேன். "பாக்கலாம்ப்பா" என்றாள். நான் பெண் பார்க்க வந்தபோது அம்சமும் 'பார்க்கலாம்' என்றுதான் சொன்னதாகப் பிற்பாடு தாங்கள் சொல்லியிருக்கிறீர்கள். அம்சத்துக்கு அந்தச் சொல்லின் பொருள் சம்மதம். மகளுக்கு அதே சொல்லின் பொருள் முடியாது என்பதைக் கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்த மன்றம். இளைஞர் மன்றம் என்றால் நம் காலத்தில் என்ன? ஒரு கேரம் போர்டு, ஒரு ரேடியோ செட்டு, பொங்கலுக்கு உறியடி. அதில் சேர்ந்து யாரும் முன்னேறியதாகவும் தகவல் இல்லை, பின்னேறியதாகவும் தகவல் இல்லை. அந்தத் தைரியத்தில்தான், 'இளைஞர் வளர்ச்சி மன்றத்தில் சேரட்டுமா' என்று இவள் கேட்டபோது தலையை ஆட்டினேன். இது வேறு மாதிரி மன்றம் மச்சான். ஊர் முகப்பில் சும்மா கிடந்த நெல் கொட்டகையைச் சுத்தம் செய்து, தஞ்சாவூரிலிருந்து செம்மொழி என்று ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து நடத்துகிறார். வாசலில் 'இளைஞர்களுக்கான வாய்ப்புகள்' என்று பெரிய போர்டு. வாத்து வளர்க்கலாம், தையல் கற்கலாம், மோட்டார் ரிப்பேர், கம்ப்யூட்டர், கணக்கு எழுதுவது, மேடைப் பேச்சு என்று வரிசையாக எழுதிப் போட்டிருக்கிறார்கள். சேருகிற பிள்ளை ஒரு வேலையை எடுத்துக்கொண்டு வருஷம் பூராவும் தானே செய்து தானே கற்க வேண்டுமாம். பெரியவர்கள் குறுக்கே போகக் கூடாதாம். "தப்பு பண்ணாத்தானே சார் கத்துக்க முடியும்" என்று செம்மொழி என்னிடம் சிரித்தபடி சொன்னார். யார் வீட்டுப் பொருளில் தப்பு பண்ணுவார்கள் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

குந்தவை எடுத்தது மோட்டார் ரிப்பேர். முதல் வாரமே என் மொபெட்டைப் பிரித்துச் சாக்கின்மேல் பரப்பிவிட்டாள். பார்த்தால் வண்டி மாதிரியே இல்லை, வாரச்சந்தையில் இரும்புக் கடை விரித்தது மாதிரி இருந்தது. சாயங்காலம் திரும்பச் சேர்த்தாள். ஒரு நட்டு மிச்சம். 'இது எங்கேம்மா போவணும்' என்று கேட்டேன். "அதான்ப்பா தெரியல. ஆனா வண்டி ஓடுது பாரு" என்றாள். ஓடத்தான் செய்தது. முன்பு மேடு ஏற இறங்கித் தள்ள வேண்டிய வண்டி இப்போது ஆற்றுப் பாலத்தில் என்னைக் கேட்காமலே ஏறுகிறது. அந்த நட்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் பயந்து பயந்து ஓட்டினேன்.

அடுத்தது மேடைப் பேச்சு. எந்த வேலை எடுத்த பிள்ளையும் மாதம் ஒருமுறை எழுந்து நின்று பேசியே ஆக வேண்டும் என்பது அங்கே சட்டம். தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேசச் சொன்னார்களாம். இவள் எடுத்த தலைப்பு, 'எனக்குத் தெரிந்த ஓர் எல்லைத் தகராறு'. இந்த இடத்தில் வீரையன் பெயரை எடுக்க வேண்டியிருக்கிறது. நம் வீட்டுக் கடிதங்களில் அவன் பெயர் வரக் கூடாது என்று நானேதான் தங்களிடம் கேட்டுக்கொண்டேன். வேறு வழியில்லை, பொறுத்துக்கொள்ளவும். என் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி முறை, பக்கத்து வயல்காரன். அவன் என் பக்கம் வரப்பை அரிக்கிறான் என்று நானும், நான் அவன் பக்கம் அரிக்கிறேன் என்று அவனும் வருஷா வருஷம் மண்வெட்டியால் சரிசெய்து சரிசெய்து, அந்த வரப்பு இப்போது மைனா நடந்தால்கூட ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய அகலத்துக்கு வந்துவிட்டது. பேச்சுவார்த்தை நின்று பல வருஷம் ஆகிறது. இதையெல்லாம் மைனா உட்பட மேடையில் வைத்துப் பேசி, முதல் பரிசு வாங்கிவந்துவிட்டாள். வீரையன் மகள் அபிநயாவும் அதே மன்றம்தான், கம்ப்யூட்டரும் கணக்கும் எடுத்திருக்கிறாள். அவள் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாளாம். கேடயத்தை டிவிமேல் வைத்திருக்கிறார்கள். நான் செய்தி பார்க்க உட்கார்ந்தால் அது என்னைப் பார்க்கிறது.

இதோடு நின்றிருந்தால் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். சம்பா நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை. நடவுக்கு வரும் பெண்களையெல்லாம் நீடாமங்கலம் பக்கத்திலிருந்து வேன் வைத்து அழைத்துப் போய்விட்டார்கள். அந்த நேரம் பார்த்து மன்றத்துக்கு நடவு இயந்திரம் ஒன்று வந்தது. ஏறி உட்கார்ந்து ஓட்டுவது. குந்தவை இரண்டு வாரம் பயிற்சி எடுத்து, 'நம்ம வயல்லதான் முதல்ல' என்று நின்றாள். மிஷினுக்கு ஏற்றபடி நாற்றைத் தட்டுகளில் பாய் பாயாக வளர்த்தும் வைத்துவிட்டாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 'நடவுங்கறது பொம்பளைங்க குனிஞ்சு நடுறதும்மா, அதுதான் லட்சணம்' என்றேன்.

"நானும் பொம்பளைதானேப்பா. உக்காந்து நடுறேன்" என்றாள்.

இதற்கு என்ன பதில் சொல்வது என்று தங்களுக்குத் தோன்றினால் எழுதவும்.

நடவன்று என்ன நடந்தது என்றால், முந்தின நாள்தான் தொழி உழவு. வாடகை டிராக்டர்காரன் என் வயலையும் வீரையன் வயலையும் ஒரே மூச்சில் சேறாக்கிவிட்டுப் போயிருந்தான். இருந்த மைனா வரப்பும் அதில் கரைந்துவிட்டது. பார்த்தால் ஒரே சேறு, ஒரே தண்ணீர், ஒரே நிறம். பிள்ளை மிஷினில் ஏறி உட்கார்ந்தாள். கோடு போட்ட நோட்டில் எழுதுவது மாதிரி வரிசை வரிசையாக நாற்று இறங்கியது. நான் கொஞ்ச நேரம் குடையும் கையுமாக நின்று பார்த்தேன். சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். குறை கண்டுபிடிக்க முடியவில்லை. சரி, டீ குடித்துவிட்டு வரலாம் என்று போனேன். திரும்பி வந்து பார்த்தால் என் வயல் முடிந்து, வீரையன் வயலிலும் பாதி முடிந்து, என் நாற்று அவன் நிலத்தில் ஜம்மென்று நிற்கிறது. இவள் தலையைத் திருப்பாமல் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.

நான் போட்ட சத்தத்தில் கொக்கெல்லாம் பறந்துவிட்டது. எதிர்க்கரையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீரையன் நின்றிருந்தான். அவ்வளவு நேரமும் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். நடுகிறவளை நிறுத்தவும் இல்லை, ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. இத்தனை வருஷம் கழித்து அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இது:

"மெல்லப் பேசுண்ணே. புள்ள மிஷினைத் திருப்புறா."

நானும் மிஷின் திரும்பும்வரை வாயை மூடிக்கொண்டு நின்றேன். பிறகு விட்ட இடத்திலிருந்து கத்தினேன். நட்டதைப் பிடுங்கு என்றேன். 'என் நிலத்துல கால வச்சுப் பிடுங்குறது யாரு' என்றான் அவன். குந்தவை இறங்கி வந்து சேற்றையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வரப்பு எங்கப்பா?" என்று கேட்டாள். நாங்கள் இரண்டு பேரும் குனிந்து சேற்றில் வரப்பைத் தேட ஆரம்பித்ததில் சண்டை அன்றைக்கு நின்றது.

பஞ்சாயத்துக்குப் போகலாம் என்றிருந்தேன். பிள்ளைகள் விடவில்லை. 'எங்க மன்றத்து ஆள் பண்ணின தப்பு, நாங்களே பேசி முடிக்கிறோம்' என்று எங்கள் இருவரையும் கொட்டகையில் எதிரெதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நடுவில் மணியோடு அபிநயா. சுற்றிலும் மீசை முளைத்ததும் முளைக்காததுமாக ஊர்ப் பிள்ளைகள். செம்மொழி ஒரு மூலையில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் பேசவே மாட்டாராம். விதி என்னவென்றால், எதிராளி சொன்னதை அவன் ஒத்துக்கொள்கிற மாதிரி நான் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகுதான் என் கட்சியைப் பேசலாம். மச்சான், இதைவிடக் கோர்ட்டு எவ்வளவோ தேவலாம்.

"அவன் சொல்றது என்னன்னா, நான் அவன் வரப்ப அரிச்சேனாம்" என்றேன்.

அபிநயா மணியடித்தாள். "பெரியப்பா, 'அரிச்சேனாம்'னு இழுக்கக் கூடாது. அவங்க சொன்ன மாதிரியே சொல்லணும்."

இப்படியே போனது. ஏன்டா நின்னு வேடிக்கை பார்த்தே என்று கேட்டேன். வீரையன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "உழவுக்குச் சொல்லிட்டேன், அப்புறம் பாத்தா மழையில என் நாத்து பூரா அழுவிப்போச்சு. இந்த வருசம் தரிசுதான்னு இருந்தேன். யார்கிட்டயும் சொல்லல, வீட்லகூட. புள்ள நட்டுக்கிட்டே வந்துச்சு. நிறுத்த வாய் வரல."

மணியைக் கையில் வைத்திருந்த பிள்ளைக்கே அது அப்போதுதான் தெரியும். அடிக்க மறந்துவிட்டாள். விதிப்படி நான் இதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "அவன் நாத்து அழுவிப்போச்சு. தரிசுதான்னு இருந்தான். யார்கிட்டயும் சொல்ல..." அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. அந்தக் கொட்டகையில் மின்விசிறி சரியில்லை, நெல் தூசி வேறு. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வீரையனுக்கும் அதே தூசி கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

முடிவு என்னவென்றால், நட்டது நட்டபடி இருக்கட்டும். அவனுடைய பாக்கி வயலையும் மிச்சமிருந்த நாற்றை வைத்துக் குந்தவையே நட்டாள். அவன் தன் வயல் வழியாக என் மழைத் தண்ணீர் வடிய வழி வெட்டிவிட்டான். அவனாக விடட்டும் என்று நானும், இவன் வந்து கேட்கட்டும் என்று அவனும் இருந்ததில் ஒவ்வொரு ஐப்பசியும் என் பயிர் முழுகிக் கிடந்தது தங்களுக்குத் தெரியும். இந்த மழைக்குத் தண்ணீர் நிற்கவில்லை. வரப்பை மட்டும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போட வேண்டும் என்று தீர்ப்பு. இரண்டு நாள் போட்டோம். மாட்டு வண்டியே போகலாம், அவ்வளவு அகலம். பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு வேண்டாம், நிலம் வீணாகிறது என்கிறார்கள்.

இப்போது என் கவலை இதுதான். இந்தப் பேர் பரவி, முத்துப்பேட்டை வரைக்கும் நடவுக்குக் கூப்பிடுகிறார்கள். குந்தவையும் மன்றத்துப் பிள்ளைகள் நாலு பேரும் சேர்ந்து இதையே தொழிலாக வைத்துக்கொள்ளப் போகிறார்களாம். அம்பத்தூருக்கு வரவில்லை என்று நேற்று வாயைத் திறந்தே சொல்லிவிட்டாள். 'ஏசியில சுழல் நாற்காலிம்மா' என்றேன். "மிஷின்லயும் சீட்டு இருக்குப்பா" என்கிறாள். சேறும் வெயிலுமாகப் பெண் பிள்ளை ஊர் ஊராகப் போனால் நாளைக்கு என்ன ஆகும்? உங்கள் தங்கையைச் சொல்லச் சொன்னால், அவள் தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு வயலுக்கே போய்விடுகிறாள். ஆகவே தாங்கள் தீபாவளிக்கு அவசியம் நேரில் வந்து, தாய்மாமன் என்ற உரிமையில் கண்டித்து, கையோடு அழைத்துப் போக வேண்டும். அந்த நாற்காலியை வேறு யாருக்கும் விட்டுவிட வேண்டாம். என் மானம் தங்கள் கையில்.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நெல்லும் புல்லும் வேறுபாடு தெரிந்து, நீண்ட ஆயுளோடு வளரட்டும். முழங்காலுக்கு எண்ணெய் தடவவும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லை எதிர்பார்த்திருக்கும்
தியாகேசன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும் சமயத்தில் வாசலில் 'அண்ணே' என்று குரல். வீரையன். உள்ளே வந்து எங்கே உட்காருவது என்று தெரியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் சொன்னது: "உங்க மச்சான் கம்பெனில ஒரு வேலை இருக்காமே. குந்தவை போவலைன்னுடுச்சாம். எங்க அபிநயாவுக்கு மெட்ராஸ் போவணும்னு ரொம்ப ஆசைண்ணே. கம்ப்யூட்டர் நல்லா வரும். அதுக்குக் கேக்கக் கூச்சம், எனக்கு அதைவிடக் கூச்சம்." நான் யோசிப்பதற்குள் என் வாய், 'இதுக்கென்னடா கூச்சம், நான் எழுதுறேன்' என்று சொல்லிவிட்டது. சொன்ன பிறகு யோசித்தும் பார்த்தேன்; மாற்றிச் சொல்லத் தோன்றவில்லை. ஆகவே மேலே உள்ளவற்றில் நானும் மாடும் சுகம் என்பதைத் தவிர மற்றதைத் தாங்கள் படிக்காததாக வைத்துக்கொள்ளவும். குந்தவையைக் கண்டிக்க வேண்டாம். சொன்னாலும் அவள் இப்போது ஊரில் இல்லை, முத்துப்பேட்டையில் நட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த நாற்காலியை அபிநயாவுக்கு வாங்கிக் கொடுக்கவும். யார் என்று கம்பெனியில் கேட்டால், என் தம்பி மகள் என்று சொல்லவும். பஸ்ஸில் அந்தப் பிள்ளைக்குத் தலைசுற்றுமாம், கும்பகோணத்தில் ரயில் ஏற்றிவிடுகிறேன்; தாம்பரத்துக்கு வந்து அழைத்துக்கொள்ளவும். வீரையன்தான் துணைக்கு வருகிறான். அவனுக்குக் காப்பி கொடுத்துவிட வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லவும். சின்ன வயதிலிருந்தே டீதான், சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். அவனாக வாய்விட்டுக் கேட்க மாட்டான்.